பாலாற்றில் தண்ணீர் வந்த இரண்டு நவம்பர்கள்



நம் மொட்டை மாடியில் நின்றால் பாலாறு தெரியும். வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலும் முள்செடியும்தான். புதிதாகக் குடிவருபவர்கள் "இதுவா சார் ஆறு?" என்று கேட்கிறார்கள். நானும் வங்கி வேலையில் மாற்றலாகி வாணியம்பாடிக்கு வந்த புதிதில் அப்படித்தான் கேட்டேன். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த வயதான தோல் வியாபாரி ஒருவர் பதிலே சொல்லவில்லை. ஒரு நாள் மாலை என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊரில் இருக்கும் வெள்ள நினைவுத் தூணைக் காட்டினார்.

1903 நவம்பர் 12 அன்று வந்த வெள்ளம் அது. வாணியம்பாடியில் மட்டும் சுமார் 200 பேர் இறந்தார்கள். பாலாறு பிறப்பது கர்நாடகத்தில், நந்தி மலைப் பக்கம். அங்கிருந்து கோலார் வழியாக ஆந்திரத்தைத் தொட்டுவிட்டு நம்மிடம் வருகிறது. வழியெல்லாம் ஏரிகள். மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து கீழ் ஏரியை உடைக்கும். கோலார் தங்கவயல் பக்கத்துப் பேத்தமங்கலம் ஏரி உடைந்ததில்தான் வெள்ளம் அந்த அளவுக்குப் பெருகியது. நம் ஊரில் பெய்யும் மழையை மட்டும் பார்த்து இந்த ஆற்றைக் கணக்குப் போட முடியாது.

அடுத்த நவம்பர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமானது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டன்யா ஆற்றில் வந்த தண்ணீர் குடியாத்தம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. பேரணாம்பட்டில் அன்று அதிகாலை, மழையில் ஊறிய சுவர் இடிந்து, ஒரே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள்.

அந்த வாரம் நாம் என்ன செய்தோம்? பணம் வசூலித்து 300 சாம்பார் சாதப் பொட்டலம் கட்டி, மதியம் இரண்டரை மணிக்கு ஒரு பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோனோம். நமக்கு முன்பே மூன்று குழுக்கள் வந்து எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒரு பெண்மணி என்னிடம், "சாப்பாடு போதும் ஐயா. பிள்ளைக்கு மாத்து துணி இருக்கா? போன் சார்ஜ் போட வழி இருக்கா?" என்று கேட்டார். இரண்டுமே நம்மிடம் இல்லை. வரவு செலவுக் கணக்கு மட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைவிட உறுத்துவது வேறு. நம் குடியிருப்பில் வேலை செய்பவர்களில் ஆறு குடும்பங்கள் ஆற்றோரத் தெருவில் இருக்கின்றன. அன்று இரவு அவர்களை நம் ஹாலில் தங்கவைக்கலாம் என்று சிலர் சொன்னோம். 'பாதுகாப்பு', 'பராமரிப்பு' என்று வாட்ஸ்அப்பில் விவாதம் நீண்டது. கடைசியில் சரி என்று முடிவானபோது ஹால் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. அவர்கள் பைகளோடு கார் நிறுத்துமிடத்தில் இரவு பதினொன்றரை வரை நின்றார்கள். தினமும் நம் வீட்டுக்குள் வந்து சமைப்பவர்களிடம் ஒரு ராத்திரிக்கு என்ன பாதுகாப்புப் பிரச்சினை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆபத்து மழையோடுதான் வரும் என்றும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். இங்கும் பேரணாம்பட்டிலும் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பொட்டலச் சோறு உதவாது. முன்கூட்டியே கதவைத் தட்டி எழுப்ப ஓர் ஆள் வேண்டும்.

அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சில வேலைகள். ஆற்றோரம் வசிக்கும் நம் பணியாளர்களின் வீடு, குடும்பத்தினர் எண்ணிக்கை, போன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரவில் போன் செய்யவும், தேவைப்பட்டால் நேரில் போய்த் தட்டவும் பிளாக்குக்கு இருவர் பெயர் கொடுங்கள். இளைஞர்களாக இருந்தால் நல்லது, என் முழங்கால் படி ஏறாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. பழைய துணி வேண்டாம், புதுப் போர்வையும் குழந்தைகள் உடையும் மட்டும் கொடுங்கள். முகாமுக்குப் புறப்படும் முன் அங்கே என்ன தேவை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம்.

ஹாலைத் திறப்பது பற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. எதிர்ப்பவர்களும் நேரில் வந்து பேசுங்கள். சாவிக்கு மட்டும் நான் தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. செயலாளர் அனுமதியோடு இரண்டாவது சாவி செய்து வாட்ச்மேன் அறையில் மாட்டியிருக்கிறோம். செலவு 120 ரூபாய், ரசீது இருக்கிறது.