ஸ்பெயின் சுற்றுலாவுக்கு முன் கற்க வேண்டிய ஸ்பானிஷ்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா செல்வோர் ஸ்பானிஷ் இலக்கணம் முழுவதையும் கற்கத் தேவையில்லை. மாட்ரிட், பார்சலோனா தங்கும் விடுதிகளில் பெரும்பாலும் ஆங்கிலமே போதும். சிறிய உணவகம், சந்தை, மருந்தகம் போன்ற இடங்களில் அது எப்போதும் கைகொடுக்காது. அங்குத் தேவைப்படும் சொற்களை முதலில் கற்பதே பயன்தரும்.

உச்சரிப்பு

மலாய் மொழியைப் போல ஸ்பானிஷையும் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலேயர் தடுமாறும் 'ஞ' ஒலி நமக்குப் பழக்கமானது. கழிவறைக்கு 'பாஞோ' என்பார்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெறோ' என்றால் 'நாய்'. நம் நீ, நீங்கள் போலவே அங்கும் 'தூ', 'உஸ்தேத்' உண்டு. முதியவர்களிடம் 'உஸ்தேத்' என்பதே மரியாதை.

உணவு

சைவ உணவு உண்போரும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்போரும் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 'நோ கோமோ கார்னே' (இறைச்சி உண்பதில்லை) என்று மட்டும் சொன்னால், 'ஹமோன்' எனும் பன்றித் தொடை இறைச்சியோ சூரை மீனோ தட்டில் வரக்கூடும். பருப்புச் சூப்பில்கூடப் பன்றி இறைச்சித் துண்டுகள் இருப்பதுண்டு. எனவே 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்க்காதோ' (இறைச்சி, ஹமோன், மீன் இல்லாமல்) எனத் தனித்தனியாகச் சொல்லுங்கள். கன்று, இளமாட்டு இறைச்சியை அங்கு 'தெர்னேரா' என்பார்கள். உணவுப் பட்டியலில் இச்சொல்லைக் கவனியுங்கள்.

மருந்தகம்

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஆண்கள் 'சோய் அலெர்ஹிக்கோ அ லோஸ் கக்கவேத்தெஸ்' என்றும், பெண்கள் 'அலெர்ஹிக்கா' என மாற்றியும் சொல்ல வேண்டும். 'கொன்ஸ்திப்பாதோ' என்றால் ஸ்பெயினில் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலச் சொல்லை நினைத்து மலச்சிக்கலுக்கு அதைச் சொன்னால் சளி மருந்துதான் கிடைக்கும். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்கலாம்.

கடைவீதி

'குவான்த்தோ குவெஸ்த்தா?' என்பது 'விலை என்ன?' என்று கேட்பது. 60க்குச் 'செசென்த்தா', 70க்குச் 'செத்தென்த்தா'. இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும் என்பதால், விலையை எழுதிக் காட்டச் சொல்வது நல்லது. உணவகத்தில் பில் கேட்க, 'லா குவென்த்தா, போர் ஃபவோர்' என்றால் போதும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் 15 நிமிடங்கள் இவற்றை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு பற்றிய வாக்கியங்களை மட்டும் ஸ்பானிஷ் எழுத்திலேயே ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு புரியாவிட்டாலும் பணியாளர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்.