பழைய அம்பாசடருக்கு ஜாக்கி போடப் போறீங்களா? எங்கே வைக்கலாம்... எங்கே வைக்கவே கூடாது?

பஞ்சரான டயரைக் கழற்ற ஜாக்கியைச் சுற்றுகிறார்கள். கார் எழும்பவில்லை. கதவுக்குக் கீழே 'நறுக்'கென்று சத்தம் கேட்கிறது. தகரத்தைப் பொத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே போய்விடுகிறது. பழைய கார்களில் இது அடிக்கடி நடப்பதுதான். காரணம் என்ன?

பாடியே சேஸிஸ்!

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. ஜீப், லாரி போல இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும், தரைக்கு அடியில் பற்றவைத்த பெட்டி வடிவச் சட்டங்களும்தான் எடையைத் தாங்குகின்றன. பிரீமியர் பத்மினியும் இதே ரகம்தான்.

இந்தப் பெட்டிகளுக்குள் சேறும் தண்ணீரும் தேங்கினால், துரு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகரம் அப்பளமாகியிருக்கும்.

எங்கே வைக்கலாம்?

* கார் கையேட்டில் ஜாக்கிக்கென்று காட்டியுள்ள இடம். அதற்கு முன் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் வேண்டாம்.
* பின்பக்கம் என்றால் ஆக்சில் குழாய், பட்டை ஸ்பிரிங் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்.
* முன்பக்கம் என்றால் துருப்பிடிக்காத தடித்த சட்டம். நடுவில் ஒரு மரக்கட்டை வைத்தால் எடை பரவும்.

எங்கே கூடாது?

ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க், வெறும் தரைத் தகரம், பம்பர். டிஃபரன்ஷியலின் மூடியில் அழுத்தினால் ஆயில் கசியலாம்.

தூக்கும் முன்...

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் முழுவதும் மேலே போனால் அதற்கு வேலையே இல்லை. கியரில் போட்டாலும் அதே கதைதான். அதனால் தரையில் இருக்கும் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கட்டாயம்.

காருக்கு அடியில் போக வேண்டுமா? ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. அது தூக்கத்தான், தாங்க அல்ல. ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது உயிருக்கே ஆபத்து. அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

கதவு சொல்லும் சேதி

தூக்கத் தொடங்கும் முன் ஒரு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் சற்றே எழும்பியதும் மறுபடி பாருங்கள். நன்றாக மூடிய கதவு இப்போது இடித்தால், பாடி வளைகிறது என்று அர்த்தம். உடனே காரை இறக்கிவிடுங்கள். அந்தக் காருக்கு முதலில் தேவை டயர் மாற்றுவது அல்ல, டிங்கரிங்!