காப்பாருக்குச் செய்தி வந்த வழி

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் காப்பார் இருக்கிறது. இன்று அச்சாலையோரம் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் இந்த வட்டாரமெங்கும் நின்றவை இரப்பர் மரங்கள்.

கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிற்று என்று இப்போது பலர் சொல்லக் கேட்கிறோம். முகநூலை மூடிவிட்டதாகச் சொல்கிறார் ஒருவர். புலனக் குழுக்களிலிருந்து விலகிக்கொண்டதாகச் சொல்கிறார் மற்றொருவர். இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால், இதே மண்ணில் செய்திக்காகவும் பேச்சுக்காகவும் மக்கள் ஏங்கிக் கிடந்த காலத்திலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்நாளில் தோட்டம் என்பது வேலியிட்ட தனி உலகம். வெளியார் உள்ளே வரத் துரையின் இசைவு வேண்டும். உற்றார் உறவினருக்கும் அதே நிலைதான். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகள் லயத்துக்கு வந்து சேர்ந்தால், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி அமர்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். ஓர் இதழ் பல கை மாறும்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதை முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் பணியாற்றியவர். தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். இவையும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. மே மாதத்தில் நாதன் கைதானார். கொந்தளிப்பை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒருவர் வாய்ச்சொல் இன்னொருவர் காதுக்குத் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும் இரத்தம் சிந்தப்பட்ட வட்டாரம் இது.

போருக்குப்பின் 1946 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பு இலாகா அமைந்தது. 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி வந்தது. வானொலியைப் புகழ்வது எமக்குத் தற்புகழ்ச்சியாகிவிடும்; ஆயினும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்நாளைய ஒலிபரப்புக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. நிலையம் மூடியதும் வீடு அடங்கும். பத்திரிகைக்கும் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. போதும் என்று நாம் முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லை. நமக்காக அச்சாலையும் நிலையமும் முடிவெடுத்தன.

பிறகு கைப்பேசி வந்தது. அதை வெறுமனே பழிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலாம், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்ட செய்தி இணையத்திலும் குறுஞ்செய்திகளிலும் பரவியது. அதே ஆண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணிக்குத் திரண்ட பல்லாயிரவரில் பலருக்கு அழைப்பு வந்த வழியும் அதுவே. 2008 மார்ச் பொதுத் தேர்தலில் காப்பார் நாடாளுமன்றத் தொகுதி எதிர்க்கட்சியின் கைக்கு மாறியது. இணையத்தைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் பிழை என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவியே பின்னர் ஒப்புக்கொண்டார். 1941இல் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பேச்சு, அறுபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

அங்கேயே நின்றிருந்தால் சலிப்புக்கு இடமில்லை. ஆனால் கருவி மாறிக்கொண்டே போயிற்று. முடிவின்றி நகரும் பக்கத்தை அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் 2006இல் உருவாக்கினார். கடைசிப் பக்கம் அத்தோடு காணாமற்போனது. 2009இல் முகநூலில் விருப்பக் குறி வந்தது. 2014 இறுதியில் புலனத்தில் இரட்டை நீலக்குறி வந்தது. செய்தியைப் படித்துவிட்டான், பதில் சொல்லவில்லை என்று அனுப்பியவருக்கு அது காட்டிக் கொடுத்தது. மாமன் மச்சான் உறவில் இந்த நீலக்குறியால் எழுந்த மனத்தாங்கல்கள் கொஞ்சமல்ல.

2018 நவம்பர் 26 விடியற்காலையில் சுபாங் ஜெயா, சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தில் கலவரம் வெடித்தபோது, நிகழ்ந்ததும் நிகழாததும் கலந்து காணொளிகளாகவும் குரல் பதிவுகளாகவும் கைக்குக் கை பாய்ந்தன. கிள்ளான் பக்கத்து வீடுகளில் அன்று தூங்கியவர் குறைவு. எமக்கு வந்த குரல் பதிவு ஒன்றைச் சரிபாராமல் நாமும் நால்வருக்கு அனுப்பினோம். அது பொய்யென்று மறுநாள் தெரிந்தது. அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. எம் சலிப்பு, உண்மையைச் சொன்னால், அன்று தொடங்கியது.

2019 ஜனவரியில் புலனம் உலகெங்கும் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது: வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. மலேசியாவில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட தளங்கள் 2025 ஜனவரி முதல் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் ஒரு வீட்டில் இரவு எத்தனை மணிக்குக் கைப்பேசியை வைப்பது என்பதை எந்த உரிமமும் சொல்வதில்லை.

அடியோடு விட்டுவிடலாமே என்றால், அதுவும் முடியவில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பாடம் புலனத்தில்தான் வந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்த வீடுகளை நாம் அறிவோம். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 2019 பிப்ரவரியோடு, தமிழ் நேசனும் நின்று போயிருந்தது. துக்கச் செய்திகளைப் பத்திரிகையில் தேடிப் பார்த்த பெரியவர்களும் பேரப்பிள்ளைகளிடம் கைப்பேசி கேட்கத் தொடங்கினார்கள்.

எம் குடும்பத்தில் இதைப் பற்றிப் பல நாள் பேச்சு நடந்தது. முகநூல் வேண்டாம் என்று முதலில் விட்டோம். காலை வணக்கப் படங்கள் வரும் குழுக்களின் ஓசையை அடைத்தோம்; விலகினால் அத்தை வருந்துவார். யார் அனுப்பியது என்று தெரியாத எதையும் மறுபடி அனுப்புவதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசிகள் கூடத்து அலமாரியின் மேலே போய்விடும். மரணச் செய்திக் குழுவின் ஓசையை மட்டும் அடைக்கவில்லை. அது ஒலித்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்த்து, ஊரும் பேரும் நேரமும் உரக்கப் படித்துச் சொல்வார். மற்றவர்கள் உட்கார்ந்தபடி கேட்போம்.