மண்டகப்படி: செலவு உரிமையான வரலாறு

பெருந்திரளைக் கூட்டி நடத்தும் விழாவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்னும் உணர்வு தமிழகத்தில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தின் முதற்பகுதியான விழாவறை காதை, புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை முரசறைவோன் யானைமீது முரசை ஏற்றி அறிவிப்பதைச் சொல்கிறது. தெருக்களில் பழைய மணலை அகற்றிப் புது மணல் பரப்ப வேண்டும், கமுகும் வாழையும் கரும்பும் நட வேண்டும், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏற வேண்டும், பகைவர் எதிர்ப்பட்டாலும் பூசலிடாமல் விலகிச் செல்ல வேண்டும் என்று துப்புரவு, அலங்காரம், நிகழ்ச்சி, காவல் ஆகிய நான்கையும் அந்த அறிவிப்பு தொடுகிறது. செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் அது பேசவில்லை.

அதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் விடை தருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிரை, அமர்த்தி ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வகுத்தான். அவர்களுள் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டு அகன்றாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறலாம் என்றும், உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகத்தை நடிப்பதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் ஒதுக்கப்பட்டது. ஆள் மாறினாலும் பணி நிற்கக்கூடாது என்பதே இந்த ஏற்பாடுகளின் நோக்கம்; ஆனால் பணி பரம்பரைச் சொத்தாவதற்கான வித்தும் அதே விதியில்தான் இருந்தது.

பிற்காலத்தில் அரசன் ஒருவனின் களஞ்சியத்தை நம்பியிராமல் பலருடைய தோள்களில் விழாவை ஏற்றிய முறையே மண்டகப்படி. திருவீதி உலா வரும் உற்சவமூர்த்தி வழியிலுள்ள மண்டபத்திலோ பந்தலிலோ சற்று நேரம் தங்க, அன்றைய அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை, மேளம், விளக்கு ஆகியவற்றின் செலவை ஒரு குடும்பமோ சமூகமோ வணிகர் குழுவோ ஏற்பதுதான் அது. செலவை ஏற்பவர் உபயதாரர் எனப்படுவார். அவருக்குப் பரிவட்டம் கட்டி, மாலையும் பிரசாதமும் கொடுத்து மரியாதை செய்வர். ஊரார் முன்னிலையில் கிடைக்கும் இந்த மரியாதைக்காகவே செலவைச் சுமையாகக் கருதாமல் உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். வசூலுக்கு அலைய வேண்டிய தேவையைப் பெருமளவு குறைத்த இந்த ஏற்பாடு, தமிழகத்து விழா நிர்வாகத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும்.

நாள் குறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. விழாவின் நிறைவான தீர்த்தவாரி எந்த நட்சத்திரத்தில் நிகழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கொடியேற்ற நாளைக் கணிப்பர். அதற்கும் முன்பே முகூர்த்தக்கால் நட்டு, பாலிகைகளில் நவதானியம் முளைக்க விடுவர். கொடி ஏறிவிட்டால் பின்வாங்க வழியில்லை.

இந்த முறைகள் அனைத்தும் ஒருசேரத் திரண்ட இடம் மதுரை. மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்ததாகவும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றியதாகவும் மரபு கூறுகிறது. மாசி அறுவடைக் காலம். பெரிய தேர்களின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருக்க, உழவர்கள் வயலை விட்டு வர இயலவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சித்திரையில் ஓடும் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது என்பது அம்மரபுக்கு வலுவூட்டுகிறது. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கத் தேனூர் சென்றுகொண்டிருந்த, அழகர்கோயில் திருமாலான கள்ளழகரின் பயணமும் அப்போதுதான் மதுரை வைகையாற்றுக்குத் திருப்பப்பட்டதாகச் சொல்வர்.

இங்கே கவனிக்கத்தக்கது, சைவ, வைணவக் கோயில்கள் இரண்டும் தத்தம் சடங்குகளில் எதையும் விட்டுக்கொடுக்காமல் ஒரே கூட்டத்தைப் பகிர்ந்துகொண்ட விதமாகும். அழகர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைவதில்லை. தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வந்தவர், அது முடிந்துவிட்டதென அறிந்து கோபத்தோடு வண்டியூருக்குத் திரும்புகிறார் என்று மக்கள் சொல்லும் கதை, இரு நிகழ்ச்சி நிரல்களுக்கும் இடையிலான இடைவெளியை அடைத்துவிடுகிறது. அழகர்கோயிலிலிருந்து மதுரை வரை 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உள்ளன. சீர்பாதம் தாங்கிகள், அதாவது பல்லக்கைத் தோளில் சுமப்போர், ஒவ்வொன்றிலும் நின்று நின்றே செல்ல, காணிக்கை உண்டியல்கள் வண்டிகளில் உடன் வருகின்றன. பக்தர்கள் தோல்பையில் நிரப்பிய நீரைப் பீய்ச்சி வெயிலைத் தணிக்கின்றனர். ஒரு மண்டபத்தில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த மண்டபங்களையும் பாதிக்கும் என்றாலும், எவருடைய உரிமையையும் விட்டுவிட்டுப் பல்லக்கு நகர முடியாது.

உரிமையாகப் பங்கிடப்பட்ட வேலை, பங்கு பெறாதவரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆயிற்று. முதல் மரியாதை யாருக்கு, எந்தத் தெருவில் சாமி நிற்க வேண்டும் என்னும் சச்சரவுகள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலந்தொட்டு நீதிமன்றங்களுக்குச் சென்றுள்ளன. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாடுகளின், அதாவது ஊர்த்தொகுதிகளின், மரியாதைகளோடு பிணைந்த தேரோட்டம், தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டபோது 1998 முதல் பெரும் தகராறுக்கு உள்ளானது. பிறகு நெடுங்காலம் நின்றுபோன அத்தேர், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின், 2024 ஜூன் மாதம் போலீஸ் பாதுகாப்புடன் 17 ஆண்டுகளுக்குப் பிறகு ஓடியது.