கொல்லைப்புறமும் குடும்பமும்

தோட்டம் என்றவுடன் இந்நாட்டுத் தமிழருக்கு இரப்பர்த் தோட்டமே நினைவுக்கு வரும். ஆதலின், வீட்டையொட்டி உணவுக்காகப் பயிரிடும் சிறு நிலத்தைக் கொல்லை என்னும் பழஞ்சொல்லாலேயே குறிக்கின்றேன். பட்டணத்துக் கொல்லைக்கும் ஒரு வரலாறு உண்டு.

போருக்கு முந்திய மலாயா இரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசியை வாங்கி உண்ட நாடு. பர்மாவும் சயாமும் அனுப்பிய அரிசியே நகர மக்களின் உலையில் கொதித்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவ்வரவு குன்றிற்று. அரிசிக்குப் பங்கீடு வந்தது. பின்னர் அப்பங்கீடும் சுருங்கியது. வாழைமரப் படம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தன. மக்களைப் பயிரிடுமாறு ஜப்பானிய ஆட்சியினரே வற்புறுத்தினர். வீட்டு முற்றங்களில் மரவள்ளி தழைத்தது.

மரவள்ளிக்குக் குச்சியை ஊன்றினால் போதும்; மெலிந்த மண்ணிலும் எட்டுப் பத்துத் திங்களில் கிழங்கு தரும். ஆயினும், அது வயிற்றை நிரப்புமேயன்றி உடலைப் பேணாது. அதனையே நம்பியிருந்தோரைப் பெரிபெரி என்னும் கால்வீக்க நோயும் ஆறாப் புண்களும் வாட்டின. கிழங்கோடு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சேர்த்துண்ட குடும்பங்கள் ஓரளவு தேறின. ஆடவரைச் சயாம் மரண இரயில் பாதைக்குப் பறிகொடுத்த இல்லங்களில் இப்பயிர்த்தொழில் முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது.

என் பாட்டியார் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர். ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு சிரட்டைத் தேங்காயெண்ணெய் தந்த மலாய் அண்டைவீட்டாரையும், கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கக் கற்பித்த சீன மூதாட்டியையும் அவர் இறுதிவரை மறக்கவில்லை. நோட்டு செல்லாக் காசான காலத்தில் கீரைக்கட்டே நாணயமாயிற்று.

அரிசி மீண்டும் தாராளமாய்க் கிடைத்ததும் கொல்லைகளைப் பலர் மறந்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டது. உலகச் சந்தையில் அரிசி விலையும் ஏறிற்று. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். சும்மா கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர் செய்க என்பதே அதன் சாரம். என் தாயார் பயற்றங்காய்க் கொடியை வேலியில் ஏற்றியது அதன் பின்னர்தான். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்று எனக்குப் பள்ளிக் காலணி வாங்கித் தந்தார். தந்தையாரின் சம்பளக் கணக்கில் சேராமல் அவர் கையிலேயே தங்கிய பணம் அது. தொகை சிறிதுதான், ஆனால் யாரிடமும் கேளாமல் செலவிட அவருக்கு வேறு பணம் இருந்ததில்லை.

பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. நம்மவர் பெருந்தொகையினர் அடுக்குமாடிகளில் குடியேறினர். இழந்த வேலையையும் வீட்டையும் கணக்கிட்ட நாம், இழந்த கொல்லையை எண்ணவேயில்லை. முருங்கைக்கீரையைச் சந்தையில் கட்டாகக் கண்டு, மரமாகக் கண்டிராத பிள்ளைகள் இன்று என் பள்ளியில் பயில்கின்றனர்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, சிங்கப்பூர் அரசு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்களுக்குக் காய்கறி விதைகளை வழங்கியது. இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு மார்ச் 18ஆம் நாள் தொடங்கிற்று. என் மாணவி ஒருத்தியின் தாயார் ஐந்தாம் மாடி நடைவழியில், பழைய சாய வாளிகளில் கங்குங்கீரை விதைத்தார். நான்கு வாரத்தில் அறுத்து, எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணிக்கு ஒரு பிடி தந்தார். மறுநாள் அப்பாத்திரம் சம்பலோடு திரும்பி வந்தது. எதிரெதிர் வாயிலில் ஆறாண்டு வாழ்ந்த இருவரும் அன்றுதான் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறிந்தனராம்.