விருந்து

திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவில் யார் பால் காய்ச்சினாலும், “ட்ரீட் எப்போ?” என்கிறார்கள் இளவட்டங்கள். ‘விருந்து’ என்று சொன்னால் போதாதா என்று பார்த்தேன், போதாது. விருந்து முதலில் சாப்பாடே அல்ல, புதுமை. தொல்காப்பியம் புதுவகை நூலமைப்பை ‘விருந்து’ என்கிறது. பிறகு வாசலுக்கு வந்த புது ஆள் விருந்து ஆனார். குறளின் ஒன்பதாம் அதிகாரமான விருந்தோம்பலில் ஓம்பப்படுவது அந்த ஆள்தான், இலையில் விழும் வடையல்ல. பின்னாளில் பெயரைச் சோறு பிடுங்கிக்கொள்ள, மனிதருக்கு ‘ஆளி’ ஒட்டி விருந்தாளி ஆக்கினோம். கிராமத்துப் பெரியவர்களுக்கு இன்னும் ‘விருந்தாடி’தான், எனக்குப் பிடித்ததும் அதுவே. பழகிய உறவும் இன்று விருந்தாளியே: பங்குனியில் இங்கே முருகன் தெய்வானை கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கரும் வருகிறார்கள், சித்திரையில் இவர்கள் அங்கே போகிறார்கள். மாப்பிள்ளை விருந்து, கறிவிருந்து எல்லாமே அழைத்துப் போடுவது. ட்ரீட்டோ கேட்டு வாங்குவது, பெரும்பாலும் ஓட்டலில். அதற்கு விருந்தைத் தர எனக்கு மனமில்லை. வேண்டுமானால் ‘தீனி’ என்று வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் உலை வைத்து, “இன்னும் ரெண்டு இட்லி வைங்கத்தா” என்று வற்புறுத்தினால் மட்டும் விருந்து.