தீக்குத் தப்பிய ஏடுகள்

ஒரு நகரின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பவர் பலர். அந்நகர் எதனை இழந்தது, எதனைக் காத்தது என்று கேட்டு அளப்பதே வரலாற்று நெறிக்குப் பொருந்துவதாகும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை ஒரு மார்கழியில் குடும்பத்துடன் கண்டு வந்த எங்களுக்கு இவ்வுண்மை நன்கு புலப்பட்டது.

அம்மாதத்தில் அங்கே காலை எட்டரை மணிக்குத்தான் கதிரவன் எழுகிறான். மாலை நான்கு மணி ஆகுமுன்னே மறைந்துவிடுகிறான். கடற்காற்று கம்பளியையும் ஊடுருவுகிறது. சன்னல்தோறும் மெழுகுவத்திகள் ஒளிர்கின்றன. குளிருக்குத் துணையாகும் நெருப்பே இந்நகருக்குப் பகையாகவும் இருந்திருக்கிறது. 1728-லும் 1795-லும் பெருந்தீ நகரை அழித்தது. 1807-இல் ஆங்கிலேயரின் குண்டுவீச்சு மீண்டும் எரித்தது. 2024 ஏப்ரல் 16 அன்று, நான்கு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த பங்குச் சந்தை மாளிகையில் தீப்பற்றி, நாகவால்கள் பின்னிய அதன் கூம்பு சரிந்தது. வழிப்போக்கரும் உள்ளிருந்த ஓவியங்களைச் சுமந்து வெளிக்கொணர உதவினர்.

நகரின் நடுவே, நான்காம் கிறிஸ்தியான் மன்னன் எழுப்பி 1642-இல் நிறைவெய்திய வட்டக் கோபுரம் நிற்கிறது. மேலே செல்லப் படிகளுக்கு மாறாகச் சுற்றிச் சுற்றி ஏறும் 209 மீட்டர்ச் சாய்தளம் அமைந்துள்ளது. 1716-இல் ருஷ்யப் பேரரசர் பீட்டர் இதில் குதிரைமீதே ஏறினார் என்று கேட்டதும் எங்கள் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டனர். இடைவழியில், அடுத்துள்ள தேவாலயத்தின் மேல்தளத்திற்கு ஒரு வாயில் திறக்கிறது. பல்கலைக்கழக நூலகம் முன்பு அங்குதான் இருந்தது. 1728 அக்டோபரில் மூன்று நாள் எரிந்த தீயில் அந்நூற்செல்வம் சாம்பலாயிற்று.

அதே தீயில் தம் மொழியின் ஏடுகளைக் காத்த ஒருவரை இங்கே நினைத்தல் வேண்டும். அவர் ஆர்னி மாக்னுசன். 1663-இல் ஐஸ்லாந்தில் பிறந்து, கல்வி நாடிக் கடல் கடந்து வந்து, கோபன்ஹேகனிலேயே பேராசிரியராக வாழ்ந்தவர். ஐஸ்லாந்து அப்போது டேனிஷ் முடியாட்சிக்கு உட்பட்டிருந்தது. நிலக் கணக்கெடுக்கும் அரசுப் பணிக்காக 1702 முதல் பத்தாண்டுகள் தாய்நாட்டில் சுற்றியபோது, குடியானவர் வீடுகளில் கிடந்த பழந்தோல் ஏடுகளைத் தேடித்தேடித் தொகுத்தார். சட்டை வெட்டும் அளவுக்காகக் கத்தரிக்கப்பட்ட ஏடும் அவர் தொகுப்பில் உண்டு. சிறு துண்டையும் அவர் ஒதுக்கவில்லை.

தீ நெருங்கியபோது அவருடைய அச்சு நூல்கள் பெரும்பாலும் அழிந்தன. கையெழுத்து ஏடுகளோ பெரும்பாலும் பிழைத்தன. அவற்றைப் பல்கலைக்கழகத்திற்கே எழுதிவைத்துவிட்டு 1730 சனவரியில் அவர் மறைந்தார். ஐஸ்லாந்து 1944-இல் குடியரசான பின் ஏடுகளைத் திரும்பக் கேட்டது. நெடிய வாதங்களுக்குப் பின் டென்மார்க் இசைந்தது. 1971 ஏப்ரலில் முதல் ஏடுகள் கப்பலில் ரெய்க்யாவிக் துறைமுகம் சேர்ந்தபோது மக்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர். 1997 வரை தொடர்ந்த இப்பணியில் பாதிக்கு மேற்பட்டவை தாயகம் மீண்டன. எஞ்சியவை கோபன்ஹேகனில் உள்ளன.

இந்நகரில் தமிழுக்கும் ஓர் ஏடு உண்டு. 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், தரங்கம்பாடியில் டேனியர் தங்கி வாணிகம் செய்ய இசைந்து, அதே கிறிஸ்தியான் மன்னனுக்குப் பொன்னேட்டில் தமிழ் மடல் விடுத்தார். அது டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது. தரங்கம்பாடியை டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர், மடலை விற்கவில்லை.

இச்செய்தியைக் கேட்ட எங்கள் இளைய மகள், “நம் வீட்டில் அப்படிப் பழைய தாள் ஏதாவது இருக்கிறதா, அப்பா?” என்று வினவினாள். பாட்டனார் எழுதிய கடிதங்கள் ஒரு பழைய தகரப் பெட்டியில் இருக்கின்றன என்றோம். “எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தானே படிக்க வரும்?” என்றாள்.

பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நம் அனைவர்க்கும் உரிய வினா இது. ஆர்னி ஊர் திரும்பி வாழவில்லை. அயல்நகரிலிருந்தே தம் மொழிக்கு உழைத்தார். ஆயினும் ஏடுகள் தாயகம் மீண்ட நாளில் அவற்றைப் படிக்க அங்கே மக்கள் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. படிப்பாரின்றிப் பெட்டியில் கிடக்கும் கடிதம், தீயின்றியே எரிந்ததற்கு ஒப்பாகும். ஆதலின் நம் இல்லங்களில் உள்ள கடிதங்களையும் கணக்கேடுகளையும் பேணுவதோடு, வாரம் ஒரு பக்கமேனும் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் செய்வோமாக.